தலையில் அடி, நாடியில் குழப்பம்: தம்பியின் படுக்கையருகே கற்றவை

தலைக்காயத்தோடு ஐசியூவில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் மானிட்டரைத்தான் பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியாது. வீக்கமும் கட்டும் குழாய்களும்தான் தெரியும். மானிட்டரில் எண் ஓடும். ஏறினால் பயம், இறங்கினால் நிம்மதி. என் தம்பி சாலை விபத்தில் அடிபட்டுக் கிடந்த காலத்தில் எங்கள் வீட்டார் அத்தனை பேரும் இப்படித்தான் இருந்தோம். அந்த எண்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்தவர்கள் அங்கிருந்த சிஸ்டர்களும், கேள்வி கேட்டால் அலுத்துக்கொள்ளாத ஒரு டாக்டரும். அவர்கள் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இப்போது ஏதோ ஓர் ஐசியூ வாசலில் காத்திருக்கும் யாருக்காவது இது உதவினால் போதும்.

தம்பிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இதயத்தில் எந்தக் கோளாறும் கிடையாது, நெஞ்சில் அடியும் படவில்லை. சிடி ஸ்கேனில் மூளையில் அங்கங்கே ரத்தக்கசிவு தெரிந்தது. நரம்பிழைகளும் பரவலாக அறுபட்டிருக்கலாம் என்றார்கள். ஆனால் அவனுடைய நாடி ஒரு சமயம் 50-க்குக் கீழே போனது, இன்னொரு சமயம் 150-ஐத் தாண்டியது. "அடிபட்டது தலையிலதானே டாக்டர், ஹார்ட் ஏன் இப்படி ஆடுது?" என்று அப்பா கேட்டார்.

டாக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். இதயம் துடிக்க மூளை தேவையில்லை. அதன் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு தானாகவே மின்துடிப்பை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நரம்புத் தொடர்பே இல்லாமல் தனியே விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களுக்கு ஓய்வில் இருக்கும்போதும் நாடி 90 முதல் 110 வரை இருப்பது அதனால்தான். நமக்கு 60, 70 என்று இருக்கிறதென்றால், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு நாள் முழுக்கக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பரிவு நரம்புகள் இதற்கு நேரெதிர் வேலை செய்பவை. நார்அட்ரினலினைச் சுரந்து வேகத்தைக் கூட்டும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அட்ரினல் சுரப்பியையும் முடுக்கிவிடும்.

இந்த இரண்டையும் நொடிக்கு நொடி நடத்துவது மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளம். அதற்கு மேலே ஹைப்போதலாமஸ், அமிக்டலா, இன்சுலா என்று பல மட்டங்கள் இருக்கின்றன. இன்சுலாவின் பங்கு மனிதர்களிடமே சோதித்துத் தெரிந்துகொள்ளப்பட்டது. 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வலிப்பு நோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் இன்சுலாவை மெல்லிய மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். இடப்பக்கம் தூண்டியபோது பெரும்பாலும் நாடி குறைந்தது. வலப்பக்கம் தூண்டியபோது பெரும்பாலும் ஏறியது. பக்கவாதம் இன்சுலாவைத் தொட்டிருந்தால் துடிப்பு ஒழுங்கு கெடுகிறதா என்று டாக்டர்கள் கூர்ந்து கவனிப்பது இதனால்தான். பக்கவாதம் வந்தவருக்குக் குறைந்தது முதல் 24 மணி நேரமாவது இதயத்தை மானிட்டரில் பார்க்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. உங்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்து, "எதுக்கு நெஞ்சுல இத்தனை ஒயர்?" என்று தோன்றினால், காரணம் இதுதான்.

மேல்மட்டங்களின் வேலையில் பெரும்பகுதி அடக்கி வைப்பது. அந்தத் தொடர்பு அறுந்தால் கீழே இருப்பவை கொஞ்சம் தொட்டாலும் துள்ளும். தம்பி விஷயத்தில் நாங்கள் பார்த்தது பெரும்பாலும் அதைத்தான். ஆனால் அதற்கு முன்னால், ஆரம்ப நாட்களில், ஆபத்து நாடி இறங்குவதில் இருந்தது.

ஒரு மாலை பார்வையாளர் நேரத்தில் நானும் அப்பாவும் படுக்கையருகே நின்றிருந்தோம். காலையில் 96 இருந்த நாடி 70-க்கு வந்தது, அப்புறம் 58, கடைசியில் 48-இல் நின்றது. "பாரும்மா, அமைதியாயிட்டான்" என்று அப்பா என் கையைப் பிடித்தார். அதே திரையில், கீழே இன்னொரு வரியில், ரத்த அழுத்தம் 190-ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படுக்கையில் வேலையாக இருந்த சிஸ்டர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு வந்து, இமையை விலக்கி டார்ச் அடித்தார். ஒரு கண்மணி மட்டும் பெரிதாகியிருந்தது. உடனே எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே வீக்கமோ ரத்தமோ கூடினால் தலைக்குள் அழுத்தம் ஏறும். சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து தலைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் வருவதுதான் மூளைக்குள் ரத்தத்தைத் தள்ளும் விசை. சராசரி அழுத்தம் 90, தலைக்குள் 10 என்றால் விசை 80. தலைக்குள் 40 ஆகிவிட்டால் மிஞ்சுவது 50தான். கடுமையான தலைக்காயத்தில் இந்த விசையை 60 முதல் 70 வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். தலைக்குள் அழுத்தம் 22-ஐத் தாண்டினால் குறைக்க மருந்து கொடுப்பார்கள். ரத்தம் போதவில்லை என்றதும் முகுளம் பரிவு நரம்புகளை முடுக்கி ரத்த அழுத்தத்தை மேலே தள்ளுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் இருக்கும் அழுத்த உணரிகள் "இவ்வளவு வேண்டாம்" என்று வேகஸ் வழியாக இதயத்தை மெதுவாக்குகின்றன. அழுத்தம் ஏறுவது, நாடி இறங்குவது, மூச்சு தாறுமாறாவது என்ற மூன்றும் சேர்ந்து வருவதை அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1901-இல் சோதனைகளில் காட்டினார். இன்றும் அது அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சு மாறுவது வெளியே தெரியாது. மற்ற இரண்டும்தான் தெரியும்.

தம்பிக்கு அன்றிரவே தலையைத் திறந்து, பெரிதாகியிருந்த ரத்தக்கட்டை எடுத்தார்கள். பிறகு தலைக்குள் அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பி ஒன்றும் வைத்தார்கள்.

இதில் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது: நாடி மட்டும் குறைந்தால் தூக்கமாகவோ மருந்தாகவோ இருக்கலாம். நாடி குறையும்போது ரத்த அழுத்தம் ஏறினால் அந்த நொடியே யாரையாவது கூப்பிடுங்கள், தயங்காதீர்கள். "பிரஷரைக் குறைக்க ஏதாவது போடுங்க" என்று மட்டும் நெருக்காதீர்கள். அந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருப்பதே அந்தப் பிரஷரால்தான். குறைக்க வேண்டியது தலைக்குள் இருக்கும் அழுத்தத்தை. தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, கழுத்து ஒரு பக்கம் சாயாமல் நேராக வைப்பார்கள். மானிடால் அல்லது அடர் உப்புக் கரைசல் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை. தலையணையைத் தட்டிச் சரிசெய்கிறேன் என்று கழுத்தை வளைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பங்கு. இன்னொன்று, தலையில் அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு நாடி குறைகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அது கடைசியில் வரும் அறிகுறி. எழுப்பினாலும் எழாத தூக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, உளறல் எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். அப்போதே ஓட வேண்டும்.

ஐசியூ வாசல் பெஞ்சில் எங்களோடு இருந்த ஒருவரின் கதையையும் சொல்ல வேண்டும். அவருடைய அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். திடீரென்று மண்டை பிளப்பதுபோலத் தலைவலி, அடுத்து வாந்தி, மயக்கம். முதலில் கொண்டுபோன இடத்தில் ஈசிஜி எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் டி அலைகள் ஆழமாகத் தலைகீழாகியிருந்தன. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் டிரோபோனின் என்ற புரதமும் கூடியிருந்தது. "ஹார்ட் அட்டாக்" என்றார்கள். மகன் விடவில்லை. "அம்மா நெஞ்சு வலின்னு சொல்லவே இல்ல சார், தலைதான் வலிக்குதுன்னு கத்தினாங்க" என்று மறுபடி மறுபடி சொன்னார். சிடி எடுத்தார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையே ரத்தக்கசிவு.

மாரடைப்பு என்று நினைத்து ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்டிருந்தால் அந்தக் கசிவு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மகன் விடாமல் சொன்ன ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்றே நான் நம்புகிறேன். மயங்கி விழுந்தவரை எங்கே கொண்டுபோனாலும், முதலில் வந்தது எது, அடுத்து வந்தது எது என்பதை வரிசை மாறாமல் சொல்லுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளையும், சேர்த்துச் சொல்லுங்கள்.

மூளைக்குள் ரத்தம் கசிந்தால் ஈசிஜி ஏன் மாறுகிறது? 1954-இல் ஜார்ஜ் பர்ச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் பக்கவாதம் வந்தவர்களின் ஈசிஜியில் இந்தப் பெரிய டி அலைகளையும் நீண்ட கியூடி இடைவெளியையும் (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மறுபடி தயாராக எடுக்கும் நேரம்) விவரித்தார்கள். கசிவு ஏற்பட்ட கணத்தில் பரிவு நரம்புகள் ஒரே வெள்ளமாக நார்அட்ரினலினைக் கொட்டுகின்றன. அது ரத்தத்தில் மட்டும் கலப்பதில்லை. இதயத் தசைக்குள்ளேயே முடியும் நரம்பு முனைகளிலிருந்து நேராகத் தசைமீது கொட்டுகிறது. தசைச் செல்களுக்குள் கால்சியம் நிரம்பி, சுருங்கிய தசை தளர முடியாமல் போகிறது. ரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. ஆனாலும் இதயம் சரியாகச் சுருங்காது, நுரையீரலில் நீர்கூடக் கோக்கலாம். எக்கோ எடுத்துப் பார்த்தால், செயலிழந்த பகுதி எந்த ஒரு ரத்தக் குழாயின் எல்லைக்குள்ளும் அடங்காமல் இருக்கும். அதை வைத்துத்தான் வித்தியாசம் கண்டுபிடிப்பார்கள். ஆறுதலான விஷயம், இந்த வகை பாதிப்பு பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ சரியாகிவிடும். அந்த அம்மாவுக்கும் இதயம் மூளைக்கு முன்பே தேறிவிட்டது.

மறுபடி தம்பிக்கு வருகிறேன். மயக்க மருந்தைக் குறைக்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு மிகக் கடினமான காலம் ஆரம்பித்தது. அமைதியாகப் படுத்திருப்பான். திடீரென்று நாடி 90-இலிருந்து 150-க்கு ஏறும். மூச்சு நிமிடத்துக்கு நாற்பதைத் தொடும். ரத்த அழுத்தம் 180. உடம்பு 39 டிகிரிக்குக் கொதிக்கும். வியர்வை தலையணையை நனைத்து விரிப்புக்கு இறங்கும். கைகள் நெஞ்சோடு மடங்கி இறுகும், கால்கள் விறைத்து நீளும், பல் நெறிபடும் சத்தம் வாசல்வரை கேட்கும். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை யார்மீதும் நிற்காது. சில நேரம் பத்து நிமிடத்தில் அடங்கும், சில நேரம் அரை மணி நேரம்கூட ஆகும். ஒரே நாளில் பலமுறை வரும். அம்மா உள்ளே வருவதையே நிறுத்திவிட்டார்.

முதலில் வலிப்பு என்று நினைத்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி எடுத்தார்கள், வலிப்பு இல்லை. கிருமித் தொற்றா என்று ரத்தம், சிறுநீர், சளி மூன்றையும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்றும் பார்த்தார்கள். எல்லாவற்றையும் விலக்கிய பிறகுதான் "இது பரிவு நரம்புகளோட ஸ்டார்ம்" என்றார் டாக்டர். 1929-இல் வைல்டர் பென்ஃபீல்டு இதைப் போன்ற ஒன்றை மூளையின் ஆழத்தில் எழும் ஒருவகை வலிப்பாகக் கருதி எழுதினார். அதற்குப் பிறகு பல பெயர்கள் வந்து போயின. 2014-இல்தான் நிபுணர்கள் கூடி ஒரே பெயருக்கும், மதிப்பெண் போட்டு அடையாளம் காணும் ஒரு முறைக்கும் வந்தார்கள். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வெப்பம், வியர்வை, தசை விறைப்பு ஆகிய ஆறையும் அதில் எடை போடுகிறார்கள்.

மேலிருந்து வரும் அடக்கும் தொடர்பு அறுந்துவிட்டதால், சாதாரணத் தொடுதலைக்கூட உடம்பு பெரிய வலியாக எடுத்துக்கொள்கிறது. இது புரிந்த பிறகு எங்கள் கேள்வியே மாறியது. "எப்போ நிக்கும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இதுக்கு முன்னாடி என்ன நடந்தது?" என்று பார்க்க ஆரம்பித்தோம்.

நான் ஒரு நோட்டு போட்டேன். எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, நாடி எவ்வளவு ஏறியது, எவ்வளவு நேரம் இருந்தது, எதில் அடங்கியது. அவ்வளவுதான். சில நாட்களிலேயே ஓர் ஒழுங்கு தெரிந்தது. தொண்டைக் குழாயில் சளியை உறிஞ்சும் சக்ஷன் போட்டால் வந்தது. திருப்பிப் படுக்க வைத்தால் வந்தது. பிசியோதெரபிஸ்ட் காலை நீட்டினால் வந்தது. சொந்தக்காரர்கள் மூன்று பேர் ஒன்றாக வந்து, ஒருவர் தலையைத் தடவ, ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கட்டாயம் வந்தது.

ஒரு நாள் எந்தக் காரணமும் இல்லாமல் வந்து, மருந்து போட்டும் அடங்கவில்லை. சக்ஷன் போட்டு நேரமாகிவிட்டது, யாரும் தொடவும் இல்லை. இரவுப் பணியிலிருந்த சிஸ்டர் போர்வையை விலக்கிக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். குதிகால், காலுறை, விரிப்பில் மடிப்பு. அப்புறம் சிறுநீர்ப் பை. பையில் மாலையில் பார்த்த அளவே இருந்தது. குழாய் தொடைக்கு அடியில் மாட்டி மடிந்திருந்தது. அதை எடுத்து நேராக்கியதும் சிறுநீர் பீறிட்டு இறங்கியது. பை கண்முன்னே நிரம்பியது. நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 148, 140, 126, 110. மருந்து செய்யாததை ஒரு குழாய் மடிப்பை எடுத்தது செய்துவிட்டது. "அவனால 'எனக்கு யூரின் வருது'ன்னு சொல்ல முடியாதுல்ல அக்கா, ஹார்ட் சொல்லுது" என்றார் சிஸ்டர்.

அன்றிலிருந்து நாடி ஏறினால் நான் முதலில் பார்ப்பது சிறுநீர்ப் பையை. அடுத்து மலச்சிக்கல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பேன். அப்புறம் படுக்கையில் எங்காவது அழுத்துகிறதா, தொண்டையில் சளி நிற்கிறதா, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். இவற்றைப் பார்க்க மருத்துவப் படிப்பு வேண்டாம், பொறுமை போதும். குழாயில் மட்டும் நாமாகக் கை வைக்காமல் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

அந்த நோட்டைப் பார்த்து டாக்டர் மருந்து நேரத்தை மாற்றினார். குளிப்பாட்டுவதற்கும் பிசியோதெரபிக்கும் முன்னதாகவே மருந்து போகும்படி செய்தார். நாங்கள் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் உள்ளே போனோம். தொடுவதற்கு முன் பெயர் சொல்லி, என்ன செய்யப் போகிறோம் என்று தாழ்ந்த குரலில் சொன்னோம். வருடிக்கொண்டே இருக்காமல் உள்ளங்கையை அழுத்தமாக ஓரிடத்தில் வைத்தோம். வருடல் அவனைக் கிளப்பியது, நிலையான கை அடக்கியது. விளக்கைக் குறைத்து, அலாரச் சத்தத்தையும் முடிந்தவரை குறைக்கச் சொன்னோம்.

மருந்துகளைப் பற்றியும் சொல்கிறேன். பெயரைக் கேட்டு வீட்டார் மிரள்வதைப் பார்த்திருக்கிறேன். மார்ஃபின் கொடுப்பது அடிமையாக்க அல்ல, அந்த மிகை உணர்வை மட்டுப்படுத்த. பிராப்ரனலால் நாடியையும் அழுத்தத்தையும் குறைக்கும்; கொழுப்பில் கரையும் மருந்து என்பதால் மூளைக்குள்ளும் போகும். குளோனிடின், டெக்ஸ்மெடிடோமிடின் ஆகியவை மூளையிலிருந்து போகும் பரிவு உத்தரவையே தணிப்பவை. கேபாபென்டின் தண்டுவட மட்டத்தில் தொடுதலுக்கான மிகைப்பதிலைக் குறைக்கும். விறைப்புக்கு பேக்லோஃபென். ஹாலோபெரிடால் போன்ற, டோபமைனைத் தடுக்கும் மருந்துகளைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்; சிலருக்கு அவை ஸ்டார்மை மோசமாக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒருமுறை ஸ்டார்ம் என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு ஏறும் ஒவ்வொரு நாடியையும் "அதுதான்" என்று தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. ஸ்டார்ம் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். நடுவில் நாடி ஓரளவு இயல்பாக இருக்கும். ஏறிய நாடி மணிக்கணக்கில் இறங்காமல் நின்றாலோ, ரத்த அழுத்தம் கூடவே ஏறாமல் விழுந்தாலோ, ஆக்சிஜன் குறைந்தாலோ அது வேறு ஏதோ. தம்பிக்கே ஒருமுறை அப்படி நின்றபோது நிமோனியா என்று தெரிந்தது. "இது வழக்கமா வர்ற மாதிரி இல்ல சிஸ்டர்" என்று சொல்லும் உரிமை, கூடவே இருந்து பார்ப்பவருக்கு உண்டு. நோட்டு இருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்பும் கூடும்.

அவனுடைய எடை அந்த வாரங்களில் மளமளவென்று இறங்கியது. ஒவ்வொரு ஸ்டார்மும் கடும் உடற்பயிற்சிக்குச் சமம் என்பதால் கலோரியையும் திரவத்தையும் கூட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. குழாய் வழி உணவின் அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இதை யாரும் தாமாக நினைவுபடுத்த மாட்டார்கள்.

கியூடி பற்றிச் சுருக்கமாக. மூளைக்காயத்தில் கியூடி இடைவெளி ஏற்கெனவே நீண்டிருக்கக்கூடும். அதை இன்னும் நீட்டும் மருந்துகள் இருக்கின்றன. வாந்திக்குக் கொடுக்கும் ஆண்டான்செட்ரான், அசித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள், ஹாலோபெரிடால் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பொட்டாசியமும் மெக்னீசியமும் குறைந்திருந்தால் ஆபத்து கூடும். துடிப்பு திடீரென்று கட்டுக்கடங்காமல் போகலாம். புது மருந்து தொடங்கும்போது "ஈசிஜி பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

நாடி ஏறுவதும் இறங்குவதும் மட்டுமல்ல, ஆடாமல் நிற்பதும் ஒரு சேதிதான் என்று டாக்டர் சொன்னது எனக்குப் புதிது. ஆரோக்கியமானவரின் துடிப்பு மூச்சோடு சேர்ந்து சற்று ஏறி இறங்கும். மூச்சை இழுக்கும்போது வேகஸ் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், விடும்போது பிடிக்கும். மூளை கடுமையாகக் காயப்படும்போது இந்த ஏற்ற இறக்கம் சுருங்கிவிடுகிறது. மூளைச்சாவில் அது அறவே இல்லாமல் போகிறது. வேகஸின் பிடியைத் தளர்த்தி நாடியை ஏற்றும் அட்ரோபின் மருந்துகூட அப்போது வேலை செய்யாது, தளர்த்துவதற்குப் பிடியே இல்லை என்பதால். தம்பி தேறத் தொடங்கியபோது, பெயர் சொன்னால் கண் திரும்புவதற்கு முன்பே, நாடி மூச்சோடு சேர்ந்து லேசாக ஆட ஆரம்பித்ததை டாக்டர் எனக்குச் சுட்டிக்காட்டினார். இதை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது என்றும் சேர்த்தே சொன்னார். மயக்க மருந்து, தொற்று, பிராப்ரனலால் எல்லாமே இந்த ஆட்டத்தை மாற்றும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை வைத்து மூளை தேறுகிறதா என்று முடிவு கட்டாதீர்கள்.

ஸ்டார்ம் மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, வலு குறைந்து, நின்றது. நாங்கள் எதிர்பார்க்காதது அதற்கு அடுத்த கட்டம். உட்கார வைத்தால் முகம் வெளுத்தது. நிற்க வைத்தால் நாடி எகிறியது, கண் இருட்டியது. "சோம்பல்" என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். அதை ஈடுகட்ட ரத்தக் குழாய்களைச் சுருக்கும் வேலையும், பரிவு நரம்புகளும் வேகஸும் அடங்கிய இந்தத் தானியங்கு நரம்புகளுடையதுதான். காயமும் நீண்ட படுக்கையும் சேர்ந்து அதைக் குலைத்திருந்தன.

பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த அளவெடுப்பை வீட்டிலும் தொடர்ந்தோம். சில நிமிடம் படுத்திருந்த பிறகு நாடியும் அழுத்தமும் பார்க்க வேண்டும். எழுந்து நின்ற ஒன்றாவது, மூன்றாவது, பத்தாவது நிமிடங்களில் மறுபடி பார்க்க வேண்டும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20-க்கோ கீழ் அழுத்தம் 10-க்கோ மேல் விழுந்தால் ஒருவகைக் கோளாறு. அழுத்தம் விழாமல் பத்து நிமிடத்துக்குள் நாடி மட்டும் 30-க்கு மேல் ஏறி, தலைசுற்றல் போன்ற தொல்லைகளும் இருந்தால் இன்னொரு வகை. பதின்ம வயதினருக்கு அந்த எல்லை 40. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. தம்பிக்குப் பலன் தந்தவை: எழுவதற்கு முன் படுத்தபடியே கணுக்காலை ஆட்டுவது, கொஞ்ச நேரம் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழுவது, நிறையத் தண்ணீர், இறுக்கமான காலுறை. உப்பைக் கூட்டுவது மட்டும் டாக்டர் சொன்னால்தான், எல்லாருக்கும் ஒத்துவராது.

லேசான தலையடிக்குப் பிறகும் இது வரலாம். மாடி ஏறினால் தலை வலிக்கிறது, கொஞ்சம் ஓடினால் நெஞ்சு படபடக்கிறது என்பவர்களைப் பயந்தவர்கள் என்று ஒதுக்காதீர்கள். அமெரிக்காவின் பஃபலோவில் உருவான டிரெட்மில் சோதனை ஒன்று இருக்கிறது. எந்த நாடியில் அறிகுறி கூடுகிறது என்று அதில் கண்டுபிடித்து, அதன் 80, 90 சதவீதத்துக்குள் தினம் பயிற்சி செய்ய வைக்கிறார்கள். இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருப்பதைவிட, எல்லைக்குள் நடப்பதே நல்லது என்பதுதான் இன்றைய நிலை. தம்பிக்கும் அவனுடைய காயத்துக்கு ஏற்ற ஓர் எல்லையைப் பிசியோதெரபிஸ்ட் குறித்துக் கொடுத்திருக்கிறார். பிராப்ரனலால் சாப்பிடுபவருக்கு நாடி இயல்பாகவே குறைந்து தெரியும் என்பதால் எல்லையை மருந்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். அந்த மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அடக்கி வைத்த துடிப்பு பழைய வேகத்தைவிட மேலே எகிறலாம்.

அவனுடைய பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். தலைக்காயம், ஸ்டார்ம் வந்திருந்தது, இப்போது சாப்பிடும் மாத்திரைகளும் அளவும், தவிர்க்க வேண்டிய மருந்துகள், கடைசி ஈசிஜியின் நகல். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுகிறான். இப்போது பிராப்ரனலாலைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் நோட்டு மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது. இந்த முறை எழுதுவது அவன்தான். இந்த வாரம் படுத்திருக்கும்போது 68, நின்ற பத்தாவது நிமிடம் 84, தலைசுற்றல் இல்லை என்று எழுதியிருக்கிறான்.